ஒன்பதாம் வார்டுக்கு மறுபடியும் ஏன் நிற்கிறேன்?

ஒன்பதாம் வார்டு உறுப்பினர்

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் உள்ள பேரூராட்சி ஒன்றின் ஒன்பதாம் வார்டு உறுப்பினராக 2022 மார்ச் 2 அன்று உறுதிமொழி எடுத்துக்கொண்டவள் நான். கட்சி எதுவும் இல்லை, சுயேச்சை. எங்கள் மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது என்பதால், "அடுத்த முறையும் நிற்பீர்களா?" என்ற கேள்வி ரேஷன் கடை வரிசையிலும் கோயில் வாசலிலும் இப்போதே வரத் தொடங்கிவிட்டது. நிற்பதாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஏன் என்று கேட்பவர்களிடம் ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறுத்துகிறது. ஆகவே இந்த விவாதப் பக்கத்தில் ஒரே விதமாக எழுதி வைக்கிறேன். குறை இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

முதல் முறை நின்றதற்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தப் புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது எங்கள் ஊரில் மன்ற உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே நிர்வாகம் பார்த்தார்கள். தென்னை சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, பல நாள் விளக்கில்லாமல் கிடந்த தெருவில் நின்றுகொண்டு, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் எப்போது வரும், தார்ப்பாய்க்கு யார் பெயர் எழுதுகிறார்கள் என்று கேட்க எங்களுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. அப்போதிருந்த அலுவலர் நல்லவர்தான். ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அந்த வாரம் முழுவதும் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் நடந்தவள் நான் என்பதால், 2022 பிப்ரவரி 19 தேர்தலில் நிற்கச் சொல்லி அக்கம்பக்கத்தார்தான் வற்புறுத்தினார்கள். முப்பதுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வென்றேன்.

இரண்டாம் முறை நிற்பதற்குக் காரணம் வேறு. அந்தத் தேர்தலில் தமிழகத்தின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் மொத்தம் 12,838 வார்டுகள் இருந்தன. அவற்றில் 7,621 பேரூராட்சி வார்டுகள். எங்கள் மன்றத்தின் 15 பேரில் 13 பேர் புதியவர்கள். முன்பு இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவர் பதவியை விட்டு ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கூட்டப்பொருள் என்றால் என்ன, அதற்குக் கீழே வரும் "அலுவலகக் குறிப்பு" என்பதை எப்படி வாசிப்பது, நிர்வாக அனுமதிக்கும் தொழில்நுட்ப அனுமதிக்கும் என்ன வேறுபாடு, பொதுநிதியிலிருந்து செய்யும் வேலை எது, நிதிக்குழு மானியத்தில் செய்யும் வேலை எது என்பதெல்லாம் விளங்கவே எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

விளங்கிய பிறகு எடுத்த பெரிய வேலை, எங்கள் தெருவின் மழைநீர் வடிகால். ஐப்பசி அடைமழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெரு அது. 210 மீட்டர் கட்டி முடித்தாயிற்று. கடைசி 40 மீட்டர் நெடுஞ்சாலைத் துறைச் சாலையின் ஓரமாகப் போய், அவர்களுடைய சிறுபாலத்தின் வழியே இறங்கி, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கிளை வாய்க்காலில் சேர வேண்டும். இரண்டு துறைகளின் தடையின்மைச் சான்றுக்காக இரண்டு வருடங்களாக நடக்கிறேன். அந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது, எந்தக் கேள்விக்குப் பதில் போகவில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும். நான் விலகினால் அடுத்தவர் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அதனால்தான் நிற்கிறேன்.

கணக்குக் கேட்பவன்

எழுதியதை மதிக்கிறேன் அக்கா. ஆனாலும் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2022 தேர்தலில் பேரூராட்சி உறுப்பினர் வேட்பாளருக்குக் காப்புத்தொகை 1,000 ரூபாய். செலவு உச்சவரம்பு 17,000 ரூபாய். உறுப்பினருக்கு மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய் என்று அரசு அறிவித்ததே 2023இல்தான். ஒரு வருடத்துக்கு 30,000 ரூபாய். நீங்கள் எழுதியபடி அலைந்திருந்தால் பேருந்துக் கட்டணத்துக்கும் நகல் எடுப்பதற்கும் அதில் பாதி போயிருக்கும். மறுபுறம், உச்சவரம்பு 17,000 என்று இருக்கும் வார்டில் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது ஊரறிந்த விஷயம். இவ்வளவு போட்டு இவ்வளவு எடுக்கும் தொழிலை ஒருவர் இரண்டாவது தடவையும் விரும்பிக் கேட்கிறார் என்றால், எங்களைப் போன்றவர்களுக்கு ஐயம் வருவது இயல்புதான்.

மூன்று கேள்விகள். அந்த 210 மீட்டர் வேலையின் ஒப்பந்தக்காரருக்கும் உங்களுக்கும் உறவு உண்டா? 2022 மார்ச் 4 அன்று தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலில் சுயேச்சையான உங்கள் வாக்குக்கு விலை பேசப்பட்டதா? அடுத்த மாதமே சொத்து வரி உயர்வு வந்ததே, அதற்கு நீங்கள் கை உயர்த்தினீர்களா?

ஒன்பதாம் வார்டு உறுப்பினர்

தம்பி, மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

ஒப்பந்தக்காரர் உறவினர் அல்லர். எங்கள் ஊர்க்காரரும் அல்லர். ஆனால் வேலை நடந்தபோது கம்பி கட்டும் இடைவெளியை இளநிலைப் பொறியாளர் வந்து அளக்கும்வரை காங்கிரீட் போடவிடாமல் ஒரு நாள் நின்றேன். அதற்காக ஒப்பந்தக்காரர் என்மீது இன்னமும் கோபமாக இருக்கிறார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் கூலியை இழந்தது வேலையாட்கள்தான் என்பது பின்புதான் எனக்கு உறைத்தது.

தலைவர் தேர்தலுக்கு முந்தின வாரம் இரு தரப்பிலிருந்தும் வீட்டுக்கு வந்தார்கள். பணம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்கள். தெருவுக்கு வடிகால் வேண்டும் என்றேன். இருவரும் சிரித்தார்கள். யாருக்கு வாக்களித்தேன் என்பது இரகசிய வாக்கு. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் மாநிலம் முழுவதும் பல மன்றங்களில் கூட்டணிக்கு ஒதுக்கிய தலைவர் இடங்களைப் போட்டியிட்டுப் பிடித்தவர்களை விலகச் சொல்லிக் கட்சித் தலைமையே அறிக்கை விட வேண்டிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பரபரப்பில் ஒரு சுயேச்சையின் வடிகால் யாருக்கும் காதில் விழவில்லை.

சொத்து வரிக்குக் கை உயர்த்தினேன். இதில்தான் எனக்கு வருத்தம். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று 2022 ஏப்ரலில் அரசு அறிவித்தபோது, நாங்கள் பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "அரசாணை வந்துவிட்டது, மன்றம் அங்கீகரித்தால் போதும்" என்று சொல்லப்பட்டது, அங்கீகரித்தோம். சொத்து வரியை முறைப்படுத்துவது 15ஆவது நிதிக்குழுவின் மானியத்துக்கான நிபந்தனைகளுள் ஒன்று என்பதைக்கூட மறு வருடம்தான் தெரிந்துகொண்டேன். அன்றே தெரிந்திருந்தாலும் வாக்கு மாறியிருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் தெருக்காரர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுக் கை உயர்த்தியிருப்பேன். வரி ரசீதைப் பார்த்து அவர்களே தெரிந்துகொள்ளும்படி விட்டிருக்க மாட்டேன்.

பழைய மன்றத்தார்

1996இலும் 2001இலும் இதே வட்டாரத்துப் பேரூராட்சி ஒன்றில் உறுப்பினராக இருந்து, 2006இல் தோற்றவன் நான். அம்மா எழுதியிருப்பதில் ஒன்று உண்மை: முதல் தடவையில் ஒருவர் உருப்படியாகச் செய்வது மிகக் குறைவு. எனக்கு முதல் ஐந்து வருடமும் தெருவிளக்கிலேயே போயிற்று. எரியாத விளக்கைக் கம்ப எண் குறித்து எழுதிக் கொடுத்தால் மூன்றாம் நாள் மாற்றுகிறார்கள், வாயால் சொன்னால் மாற்றுவதில்லை என்ற ஒரே பாடத்தை அறியவே இரண்டு வருடம் ஆயிற்று.

ஆனால் இரண்டாம் தடவையில் வேறொரு தொல்லை உண்டு. அதை யாரும் சொல்லமாட்டார்கள். முதல் தடவை நமக்குத் தெரியாதவற்றைக் கேட்போம். இரண்டாம் தடவை எல்லாம் தெரியும் என்று கேட்காமல் விடுவோம். செயல் அலுவலர் "நிதி இல்லை" என்றால், முதல் தடவை "எவ்வளவு இருக்கிறது, காட்டுங்கள்" என்றவன், இரண்டாம் தடவை தலையாட்டிவிட்டு வந்தேன், ஏனென்றால் அதற்குள் அவரும் நானும் ஒன்றாகத் தேநீர் குடிக்கிறவர்கள் ஆகிவிட்டோம். 2006இல் என்னைத் தோற்கடித்தவர்களுக்கு இது தெரிந்துதான் இருந்தது.

இன்னொன்று. எங்கள் இரண்டாம் காலத்தின் நடுவில், 2004இல், பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றைச் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றினார்கள். 2006இல் மறுபடியும் பேரூராட்சி ஆக்கினார்கள். பெயர்ப்பலகையை இரண்டு முறை எழுதினோம். கோப்புகள் எத்தனை முறை கட்டி அவிழ்க்கப்பட்டன என்று கணக்கில்லை.

வாடகை வீடு

எனக்கு வடிகால் கதை தெரியாது. நான் அந்த ஊரில் அல்ல, வேறொரு பேரூராட்சியில் ஆறு வருடங்களாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். எங்கள் கவுன்சிலரை ஒரு தடவைதான் நேரில் பார்த்தேன். வாக்குக் கேட்டு வந்தார். "வீட்டுக்காரர் இருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் துண்டறிக்கையைக் கதவில் செருகிவிட்டுப் போனார். வரி கட்டுகிறவர்தான் வாக்காளர் என்று நினைத்துவிட்டார் போலும். மறுபடியும் நிற்பவர்கள், தங்கள் வார்டில் வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை குடும்பம் என்று சொல்ல முடியுமா என்று முதலில் பார்க்கட்டும்.

ஒன்பதாம் வார்டு உறுப்பினர்

சொல்ல முடியாது. நியாயமான கேள்வி. குடிநீர் இணைப்புக் கணக்கும் சொத்து வரிக் கணக்கும் எனக்கு மனப்பாடம். இரண்டுமே வீட்டின் உரிமையாளர் பெயரில் இருப்பவை. வாடகைக் குடும்பங்களை அந்த வழியில் பார்க்கவே முடியாது.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வாசலுக்கு வரும் பத்துப் பேரில் ஏழு பேர் கேட்பது பேரூராட்சி சம்பந்தப்பட்டதே அன்று. முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது, 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியதிலிருந்து "எனக்கு ஏன் வரவில்லை?" என்பது. எதிலும் எனக்கு அதிகாரம் கிடையாது. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன், வட்டாட்சியர் அலுவலகம்வரை கூடப் போவேன். அடுத்த தேர்தலில் எனக்கு வாக்கு விழுந்தால், பெரும்பாலும் இதற்காகத்தான் விழும். கட்டிய வடிகாலுக்காக விழாது. மறுபடி நிற்பவர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை.

வாய்க்கால் பாசனம்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வடிகால், வடிகால் என்று இத்தனை பேர் எழுதுகிறீர்கள். அந்த 40 மீட்டரின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? அம்மையார் எழுதிய ஊர் எது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் கிளை வாய்க்காலின் கடைமடையில்தான் என் நிலம் இருக்கிறது. மேட்டூர் திறந்து, கல்லணைக்கு வந்து, புது ஆற்றில் இறங்கி எங்களுக்குத் தண்ணீர் வந்துசேர்வதற்குள் பாதி ஆவணி போய்விடும் வருடங்கள் உண்டு. அப்படி வரும் தண்ணீரில் உங்கள் தெருவின் கழிவுநீரையும் சேர்த்துவிடுவதற்குத்தான் அந்தத் தடையின்மைச் சான்று கேட்கிறீர்கள்.

மழைநீர் வடிகால் என்று பெயர். மழை வருடத்தில் இரண்டரை மாதம். மீதி ஒன்பதரை மாதமும் அதில் ஓடப்போவது குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும்தான். ஏற்கெனவே இரண்டு ஊர்களின் சாக்கடை விழும் வாய்க்காலில், நாற்றங்காலில் கால் வைத்தால் அரிப்பு வருகிறது. நீர்வளத்துறை சான்று தராமல் இழுத்தடிக்கிறது என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். எதிர்த்து மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியும் என்றீர்களே, அதற்குள் எங்கள் மனு இருப்பது தெரியுமா?

இன்னும் ஒன்று. டெல்டாவில் பிறந்தவர்களுக்குப் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வாய்க்கால் வேறு என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று தண்ணீரைக் கொண்டுவருவது. மற்றொன்று மிஞ்சியதைக் கொண்டுபோவது. உங்கள் தெருவுக்குக் கிழக்கே, சந்தைக்குப் பின்னால், ஒரு பழைய வடிகால் வாய்க்கால் இருந்தது. என் தகப்பனார் காலத்தில் அதில் கெண்டை பிடித்திருக்கிறோம். உங்கள் தெருத் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. அதன் மீது இப்போது மனைப்பிரிவு இருக்கிறது.

ஒன்பதாம் வார்டு உறுப்பினர்

ஐயா, மனு இருப்பது தெரியாது. "ஆட்சேபணை வரப்பெற்றுள்ளது" என்று ஒரு வரி மட்டும் எனக்குக் காட்டப்பட்டது. அது எப்போதும் எழுதும் வரி என்று நினைத்துக்கொண்டேன். யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் நாங்கள்; அதற்கும் ஒருவர் குறுக்கே நிற்கிறாரே என்று எழுதி, அழித்துவிட்டேன். நேற்று மாலை வடிகாலின் முடிவில் போய் நின்று பார்த்தேன். மழை பெய்து பல நாளாயிற்று. கட்டி முடித்த 210 மீட்டரில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சோப்பு நுரையோடு நிற்கிறது. அதில் குழாயை இணைத்தவர்களில் என் வீடும் ஒன்று.

கிழக்கே ஒரு வாய்க்கால் இருந்ததாக மதிப்பீட்டில் எங்கும் இல்லை. பொறியாளர் மட்டம் பார்த்தபோது மேற்குப் பக்கம்தான் சாய்வு என்றார். அப்போது சந்தைப் பக்கம் நிரவப்பட்டுவிட்டதால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

பழைய மன்றத்தார்

எந்த ஊர் என்பது இப்போது எனக்கும் புரிந்துவிட்டது. நான் இருந்த மன்றமேதான். அந்த வாய்க்காலைப் பற்றி எங்கள் மன்றத்தில் பேசியிருக்கிறோம். 2002 அல்லது 2003 என்று நினைவு. சந்தைக்குப் பின்னால் மனை போடுகிறவர்கள் வாய்க்காலின் குறுக்கே மண் கொட்டுகிறார்கள் என்று ஒருவர் புகார் கொடுத்தார். அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அடுத்தது 2004 வந்தது. பேரூராட்சி சிற்றூராட்சி ஆனது. அதன்பின் அந்தத் தீர்மானத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை. ஐயா என்னைத் திட்டினால் ஏற்றுக்கொள்கிறேன்.

தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள் அம்மா. கட்டு அவிழாமல் எங்காவது இருக்கும்.

முதல் வாக்கு

நான் 2022இல்தான் முதன்முதலாக வாக்களித்தவள். தஞ்சாவூரில் படிக்கிறேன். பெரியவர்கள் நடுவில் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் அக்கா முதலில் எழுதிய காரணம் எனக்கு ஒப்பவில்லை.

"கோப்பு எங்கே நின்றது என்பது எனக்கு மட்டுமே தெரியும், அதனால் நான் நிற்க வேண்டும்" என்றீர்கள். ஒரு தெருவின் வேலை ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கிறது என்றால், அது அவரை மீண்டும் தேர்ந்தெடுக்கக் காரணமாகுமா, அல்லது இத்தனை வருடம் அவர் எழுதி வைக்கவில்லை என்பதற்குச் சான்றாகுமா? 2022இல் உங்களுக்குக் கைமாற்றிக் கொடுக்க யாருமில்லை என்று வருத்தப்பட்டீர்கள். 2027இல் வேறொருவர் வென்றால் அவருக்குக் கைமாற்றிக் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? பெரியவர் 2002இல் போட்ட தீர்மானம் உங்களுக்குக் கிடைத்திருந்தால் இந்த 210 மீட்டரும் கிழக்குப் பக்கம் பார்த்துக் கட்டப்பட்டிருக்கும் அல்லவா?

கணக்குக் கேட்பவன்

தங்கை கேட்டதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். தேர்தல் 2027இல் குறித்த காலத்தில் நடக்கும் என்று எப்படி நம்புவது? அரசியல் சட்டம் 243U பிரிவு, மன்றத்தின் காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. அது 2016இலும் இருந்தது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5 அன்று காலம் முடிந்தது. தேர்தல் இல்லாமல் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். தஞ்சை மாவட்டமும் அதில் உண்டு. உங்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் முதல் கிராமத்திலேயே அதுதான் நிலைமை. பேரூராட்சிக்கும் அப்படி வந்தால் நீங்கள் வெல்வதும் தோற்பதும் ஒன்றுதான். நாற்காலியில் இருவருமே இருக்க மாட்டீர்கள். அப்போது யாரிடம் என்ன மிஞ்சும்?

சந்தைத் தெரு

எல்லாம் சரி. பெண்களுக்கான வார்டு ஒதுக்கீடு மாறிப் பொது வார்டு ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? வழக்கமாக அப்போது அம்மாவுக்குப் பதில் ஐயாவின் படம் சுவரொட்டியில் வந்துவிடுகிறது. இந்த ஐந்து வருடமும் கூட்டத்துக்கு வந்தது நீங்களா, உங்கள் வீட்டுக்காரரா?

ஒன்பதாம் வார்டு உறுப்பினர்

கூட்டத்துக்கு வந்தது நான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. முதல் சில மாதங்கள் என் கணவர் வண்டியில் கொண்டுவந்து விடுவார். அலுவலகத்தில் இருப்பவர்கள் அவரிடம் பேசிவிட்டு என்னிடம் கையெழுத்துக்கு நீட்டுவார்கள். மூன்றாவது கூட்டத்திலிருந்து பேருந்தில் வரத் தொடங்கினேன். பொது வார்டு ஆனாலும் பெண் நிற்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 50 விழுக்காடு என்பது பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களின் அளவு, பெண்கள் எத்தனை பேர் வரலாம் என்பதற்கான எல்லை அன்று. அப்போதும் நான்தான் நிற்பேன்.

மற்றதற்கு வருகிறேன். மூன்று நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் தீர்மானப் புத்தகம். பழைய புத்தகங்கள் ஓர் அலமாரியின் மேல் சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. எழுத்தர் ஒருவர், பெயர் வேண்டாம், மதிய உணவு நேரத்தில் ஏணி வைத்து இறக்கிக் கொடுத்தார். 2002ஆம் வருடப் புத்தகத்தில் இருக்கிறது. பழைய மன்றத்தாருடைய கையெழுத்தும் இருக்கிறது. தீர்மானத்தில் புல எண் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. வாய்க்காலின் அகலம் சங்கிலிக் கணக்கில் இருக்கிறது. அந்தப் புல எண்ணுக்குப் புலப்பட நகல் வாங்கினேன். வரைபடத்தில் வாய்க்கால் இன்றைக்கும் வாய்க்காலாகத்தான் இருக்கிறது. பட்டா எதுவும் அதன்மேல் இல்லை. மனைப்பிரிவின் பொது வழி என்று காட்டப்படும் இடத்தின் ஒரு பகுதி அது.

முதல் பதிவில் நான் எழுதிய காரணத்தை இதற்கு மேல் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தவறான பக்கம் பார்த்துக் கட்டிய வடிகாலை முடித்துக் கொடுக்க இன்னும் ஐந்து வருடம் கேட்டிருக்கிறேன். தங்கை சொன்னபடி, எனக்கு மட்டும் தெரியும் என்றிருந்ததில் பாதி எனக்கே தெரியவில்லை.

அதற்காக நிற்காமல் இருக்கப் போகிறேனா என்று கேட்டால், இல்லை. 210 மீட்டரைத் தவறான பக்கம் கட்டியவள் அதை அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேற்கே கேட்ட தடையின்மைச் சான்றைத் திரும்பப் பெறும்படி அடுத்த கூட்டத்தில் பொருள் வைக்கக் கடிதம் கொடுத்துவிட்டேன். கிழக்கு வாய்க்காலை அளக்க வருவாய்த் துறைக்கு எழுத வேண்டும். மனை வாங்கியவர்கள் எதிர்ப்பார்கள், அவர்களிலும் என் வாக்காளர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீருக்கு அவரவர் வீட்டிலேயே உறிஞ்சுகுழி என்பதை என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். குழி தோண்ட ஆள் சொல்லியாயிற்று. இவற்றைச் செய்தால் முப்பது வாக்கு வித்தியாசம் எனக்கு எதிராகவும் போகலாம். போனால் போகட்டும் என்று வீரமாக எழுத மனம் வரவில்லை, போனால் வருந்துவேன்.

வென்றாலும் தோற்றாலும், தேர்தலே வராமல் போனாலும் மிஞ்ச வேண்டியதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒரு நீளமான கணக்குப் புத்தகம். வார்டில் நிலுவையில் உள்ள வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: தீர்மான எண், நாள், எந்தத் துறைக்குக் கடிதம் போனது, வந்த பதில், வந்த ஆட்சேபணை, ஆட்சேபித்தவர் யார், என்ன சொல்கிறார். இதுவரை பதினேழு பக்கம் ஆகியிருக்கிறது. ஒரு படி நூலகத்தில் இருக்கும். பதினெட்டாவது பக்கத்துக்கு "வாடகைக் குடும்பங்கள்" என்று தலைப்பு மட்டும் எழுதியிருக்கிறேன். தெருத் தெருவாகப் போய்க் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

பழைய மன்றத்தார்

தெற்குத் தெருவின் தண்ணீர் வால்வு ஒன்று சாலைக்கு அடியில் புதைந்துபோயிருக்கிறது. பழைய தபால் பெட்டி இருந்த இடத்திலிருந்து மூன்று எட்டு மேற்கே. தார் போட்டபோது மூடிவிட்டார்கள். அதையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். அதை அறிந்தவர்களில் நானும் தண்ணீர் திறந்துவிட்ட பெரியவரும்தான் மீதி. அவருக்குக் கண் தெரியவில்லை.

வாய்க்கால் பாசனம்

மனுவைத் திரும்பப் பெறச் சொல்வீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சொல்லவில்லை. நல்லது. அளக்க வருவாய்த் துறை வருவதற்கு முன் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுவோம். வாய்க்கால் சந்தைக்குப் பின்னால்தான் தூர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு தென்னந்தோப்புக்குள் இன்னமும் பள்ளமாகக் கிடக்கிறது, எனக்கு இடம் தெரியும். சனிக்கிழமை காலையில் புலப்படத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள். வெயில் ஏறும் முன் தோப்பு வாசலில் இருப்பேன். பழைய மன்றத்தாரால் நடக்க முடியுமானால் அவரையும் அழைத்து வாருங்கள்.